ஞாயிற்றுக்கிழமைக் கோடு

ஒன்பது பதினாலுக்கு வாத்து நண்டுத் தீவுக்குப் பின்னால் போய் மறைந்தது. திரையில் அதுவரை பச்சையாக நகர்ந்துகொண்டிருந்த புள்ளி சாம்பல் நிறமாகி அப்படியே நின்றுவிட்டது. படகு நிற்கவில்லை, படகு போய்க்கொண்டுதான் இருக்கிறது, அதைப் பற்றிய சேதிதான் நின்றுபோனது என்று பிளாவியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஏதோ அதில் ஓர் ஆறுதல் இருக்கிற மாதிரி. போய்க்கொண்டிருக்கிறது என்பதுதானே பயம். நின்றால் நல்லது. ஆளில்லாத அந்த மஞ்சள் படகுக்கு வாத்து என்று பெயர் வைத்தது அலுவலகத்தில் யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. துறைமுகத்தை ஒட்டிய கடலின் ஆழத்தை அளப்பது அதன் வேலை, எந்த வழியாகப் போய் அளக்க வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுப்பது பிளாவியாவின் வேலை. நண்டுத் தீவின் மணல்மேடும் மரங்களும் கரையிலிருக்கிற சிக்னல் கம்பத்துக்கும் படகுக்கும் குறுக்கே வந்துவிடுவதால் முப்பத்தெட்டு நிமிஷத்துக்கு அதைப் பார்க்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு மறுமுனையில் வெளியே வரும். சாட்டிலைட் கருவி பழுதாகிப் பெங்களூருக்குப் போயிருந்தது, வருகிறவரை இப்படியே ஓட்டலாம் என்று மேலதிகாரி சிவசங்கரன் சார் சொல்லியிருந்தார், இரண்டு மாதமாக இப்படித்தான் ஓடுகிறது. அந்த முப்பத்தெட்டு நிமிஷத்துக்கு இந்த அறையில் டீ நேரம் என்று பெயர். டீ வந்தும் விட்டது. ஏலக்காய் வாசம் ஏசிக் குளிரில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. பிளாவியா தம்ளரைத் தொடவில்லை. எட்டிலிருந்து பதினாலு வரைக்கும் ஆறு, என்று கணக்குப் போட்டாள். மறுபடியும் போட்டாள், ஆறுதான் வந்தது.

ஒன்பது எட்டுக்கு ரோஸ்லின் மதினி போன் பண்ணினாள். மதினிக்கு எப்போதுமே சுற்றி வளைத்துத்தான் பேச்சு, சின்னவள் கோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கப்போவதற்குக் கவுன் எடுத்ததில் ஆரம்பித்தாள், தையல்காரன் கையை இறுக்கிவிட்டான் என்றாள், கேக்குக்கு யாரிடம் சொல்லலாம் என்று கேட்டாள், பிளாவியா ம் ம் என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பச்சைப் புள்ளி தீவின் வாலை நெருங்கிக்கொண்டிருந்தது. "அண்ணன்கிட்ட கேளுங்க மதினி, பேக்கரிக்காரன் அவன் கூட்டாளிதான்" என்று பேச்சை முடிக்கப் பார்த்தாள். "ஒங்க அண்ணன் எங்கட்டி இருக்காவ, பூச முடிஞ்ச கையோட கடலுக்குப் போயிட்டாவள்ளா" என்றாள் மதினி. "இன்னைக்கா?" "அஞ்சு நாளா காத்துன்னு ஒருத்தரும் போகலல்லா. ஊர்க் கமிட்டிக்காரவ சாமியார்கிட்ட போயி நின்னாவ. அவரும் நேத்து சாயந்தரப் பூசையில கடலுக்குப் போவ உத்தரவு குடுத்துட்டாரு, விடியக்காலம் நாலு மணிக்கே ஞாயித்துக்கெழமப் பூச வச்சி முடிச்சுட்டாரு. திருநா மாதிரி ஊரே தீவுக்கு அந்தப் பக்கந்தான் கெடக்கு, பாட்டுக் கேக்காத கொறதான்." அப்புறம் மறுபடி கவுனுக்குப் போனாள். பிளாவியா சரி மதினி, சரி மதினி என்று சொல்லி வைத்தபோது மணி ஒன்பது பத்து. நாலு நிமிஷம் பாக்கி. இரண்டு நிமிஷத்தைக் கவுன் தின்றுவிட்டது என்று சொல்லலாம், பாக்கி நாலை யார் தின்றது. வாத்தை இங்கிருந்தே ஓட்டுகிற தமீம் அண்ணன் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவர் கட்டைவிரலுக்குக் கீழேதான் சிவப்பு பட்டன், அண்ணே நிறுத்துங்க என்ற இரண்டு சொல் போதும். அவள் எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். தாகமாக இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்த்தால் தாகமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கோடு அவளுடைய கோடு. வாரநாளில் வாத்து தீவை விட்டு வெகுதூரம் வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு வரும், ஏனென்றால் தீவுக்கு அந்தப் பக்கம் அவள் ஊர் லூசியாபட்டினத்துக்காரர்களின் வலை கிடக்கும். கடலைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் கொடுத்து வைத்திருக்கிறாள். எண் பெரிசாக இருந்தால் வாத்து ஒதுங்கிப் போகும், சின்னதாக இருந்தால் ஊடே போகும், அவ்வளவுதான் அதற்குப் புத்தி. எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று சொல்ல வந்த சென்னைப் பையன்கள் இரண்டு வாரம் திணறிவிட்டுப் போனார்கள். இவளுக்கு ஒரு போன் போதுமாக இருந்தது. கூடப்பிறந்த கஸ்பார் அண்ணன் வலையைத் தட்டிக்கொண்டே ஒரு மணிநேரம் சொன்னான், எந்த மாசம் எங்கே, எந்த நீரோட்டத்துக்கு எந்தப் பக்கம், எவ்வளவு நீளம். தங்கச்சி கம்பெனியில் இருந்துகொண்டு நம் வலையைக் காப்பாற்றப் போகிறாள் என்று அவனுக்குச் சந்தோஷம். ஞாயிறு என்று கேட்டபோது சிரித்தான். "ஞாயித்துக்கெழம என்னட்டி, காக்கா கூட இருக்காது. ஒனக்குத் தெரியாதா, பட்டணம் போயி கோயிலு மறந்து போச்சா?" மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறக்கினால் ஊரை விட்டே ஒதுக்கி வைப்பார்கள் என்பது அவள் பால்பல் விழுவதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்ட விஷயம், யாரும் சொல்லிக் கொடுத்ததாகக்கூட நினைவில்லை. அதனால்தான் ஒரு யோசனையும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைக்கு அத்தனை கட்டத்திலும் சைபர் போட்டாள். வெளியூர்க்காரி யாராவது இந்த வேலையில் இருந்திருந்தால் ஒரு சந்தேகத்துக்காவது நாலோ ஐந்தோ போட்டு வைத்திருப்பாள். வெளியூர்க்காரிக்கு இந்தத் தப்பு வராது, இது ஊர்க்காரிக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு என்று நினைத்தாள். ஐந்து நாள் காற்று என்று வாத்தையும்தானே கரையில் ஏற்றிப் போட்டிருந்தோம், வாத்து ஐந்து நாள் சும்மா கிடந்தது மனசில் நின்றது, ஐந்து நாள் உலை வைக்க முடியாத வீடு ஆறாம் நாள் கிழமை பார்க்குமா என்று மட்டும் தோன்றவில்லை. நேற்றுச் சாயந்தரப் பூசைக்கு ஊருக்குப் போயிருந்தால் காதில் விழுந்திருக்கும். போகவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது இருபத்தொன்று. அறையின் மறுகோடியில் சிவசங்கரன் சார் ஓட்டத்தைப் பார்க்க டெல்லியிலிருந்து வந்திருந்த இரண்டு பேருக்கு மெதுவடையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். சட்னியைத் தொடலாமா என்று அவர்கள் யோசிப்பது தெரிந்தது. இன்றைக்கு ஓட்டம் நன்றாக முடிந்தால் இன்னும் நாலு வாத்து வரும், நாலு துறைமுகம் வரும் என்று வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தார், பிளாவியாவின் வேலையும் நிரந்தரமாகும் என்று சொல்லவில்லை, ஆனால் சொன்ன மாதிரி பார்த்தார். காலையில் அவர்களிடம் இவளைக் காட்டி, கடலை எந்த மெஷினும் படித்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமையைப் படிக்க இந்தப் பொண்ணு வேணும் என்று ஆங்கிலத்தில் சொன்னார், அவர்கள் சிரித்தார்கள், இவளுக்குக் காது சூடாகிவிட்டது, பெருமையில்தான், ஒளிப்பானேன். பெருமை ஒரு மணிநேரம்கூட நிற்கவில்லை. அண்ணே, என்றாள் தமீமிடம், குரல் சாதாரணமாக வந்தது, அதுவே அவளுக்கு ஆச்சரியம். "அண்ணே, வழியில வல கெடந்தா நம்ம வாத்து என்ன செய்யும்?" தமீம் கீழக்கரைக்காரர், இருபது வருஷம் கப்பலில் இருந்துவிட்டு வந்தவர், எதற்கும் பதறமாட்டார். "வல அதுக்கு எங்கம்மா தெரியும். வள்ளம் தெரியும், அறுபது மீட்டர் ஒதுங்கிப் போகும். மெதப்பு தண்ணியோட தண்ணியா கெடக்கும்ல." "அப்ப ஏறிருமா?" "ஏறும். ஆனா ஞாயித்துக்கெழம எவன் வல போடப்போறான்? நீதானம்மா சொன்ன." சொல்லிவிட்டு டீயில் பிஸ்கட்டை முக்கினார். அவள் சொன்னது அவர் வாயிலிருந்து திரும்பி வந்து அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டது, அதை அவள் மறுக்கவில்லை. இப்போதுகூடச் சொல்லலாம். சொல்லி என்ன பிரயோஜனம், நிறுத்த முடியாதே என்று பதில் வந்தது, அந்தப் பதில் ரொம்பச் சௌகரியமாக வந்தது என்பதையும் அவள் கவனித்தாள்.

அறுபது மீட்டர். அங்கேதான் மனசு போய்ப் போய் முட்டியது. வள்ளத்தைக் கண்டு ஒதுங்கும், எந்தப் பக்கம் ஒதுங்கும், வலது பக்கம், எப்போதும் வலது பக்கம், அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது, கப்பல்காரர்கள் சட்டம் அது. வலையின் ஒரு முனை வள்ளத்தில்தான் கட்டியிருக்கும். அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும், வள்ளத்துக்கு அறுபது மீட்டர் தள்ளிப் போவதென்றால் வலைக்கு மேலேயே போவது. வாத்து மரியாதையாக, ஒருத்தரையும் இடிக்காமல், ஒதுங்கி, நேராக வலையில் ஏறும். அடியில் சுழல்கிற மோட்டார் விசிறி அந்த வலையைச் சுருட்டும். சுருட்டச் சுருட்டக் கயிறு இழுக்கும். கயிற்றின் மறுமுனையில் ஐந்து நாள் வேலையில்லாமல் கிடந்து, இரண்டு மணிக்கு எழுந்து, நாலு மணிப் பூசை பார்த்து, வலை போட்டுவிட்டு அசந்து உட்கார்ந்திருக்கிறவன். கயிறு எங்கே கிடக்கும். காலுக்குக் கீழே வளையமாகக் கிடக்கும், சுருட்டி ஓரமாக வை என்று மதினி சொல்வதற்கு அங்கே மதினி இல்லை. அண்ணனுக்கு நீச்சல் தெரியும் என்று நினைத்தாள், உடனே அதைவிட மடத்தனமாக ஒன்று நினைக்க முடியுமா என்று தோன்றியது. கயிற்றோடு போகிறவனுக்கு நீச்சல் என்ன செய்யும். மேசைக்கு அடியில் போனை எடுத்து அண்ணன் எண்ணை அழுத்தினாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னாள், மறுபடி அழுத்தினாள், மூன்று மொழி. தீவு வாத்தை மறைக்கிற மாதிரியேதான் போனையும் மறைக்கிறது. அருள் நிறைந்த மரியே சொல்லலாம் என்று ஆரம்பித்தாள், பாதியில் ஒன்பது முப்பத்திமூன்று என்று வந்துவிட்டது, எங்கே விட்டோம் என்று தெரியவில்லை, முதலிலிருந்து ஆரம்பித்தாள், அறுபது மீட்டர் என்று வந்தது. அண்ணன் வள்ளமாக இருக்காது, முப்பது வள்ளம் போயிருக்கும், முப்பதில் ஒன்று, அந்தக் கணக்கு நல்ல கணக்கு என்று ஒரு வினாடி ஏமாந்தாள். அப்படியென்றால் வேறு யாராக இருந்தால் பரவாயில்லை, சொல்லு, யாரைச் சொல்வாய், அடுத்த வீட்டு அமலதாசையா, உன்கூட எட்டாவது வரை படித்த விக்டரையா. அவளால் யாரையும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அண்ணனாக மட்டும் இருக்கக்கூடாது என்று அடிவயிறு கேட்டுக்கொண்டே இருந்தது, அதைப் பேசாமல் இரு என்று அடக்க அவளிடம் ஒன்றுமில்லை.

ஒன்பது நாற்பதுக்கு எழுந்தாள். நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்தது. சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் எழுந்தாள், அது பொய்யில்லை, பன்னிரண்டு நிமிஷம் முன்னால் சொன்னால் கடலோரக் காவலுக்காவது சொல்லி ஒரு படகை அனுப்பலாம், வந்து சேர ஒரு மணிநேரம் ஆகும் என்றாலும் அனுப்பலாம். அறை நீளமாக இருந்தது. சிவசங்கரன் சார் அவள் வருவதைப் பார்த்துவிட்டு, "வாம்மா வாம்மா, உன்னைப் பத்திதான் பேசிட்டிருக்கோம்" என்றார். டெல்லிக்காரர்களில் மூத்தவர் எழுந்து கைகூப்பினார். வயசானவர், நல்ல மனுஷன் முகம், தாடையில் சட்னி ஒட்டியிருந்தது. அதைச் சொல்வதா இதைச் சொல்வதா என்று தெரியாமல் நின்றாள். "சார்" என்றாள். "சொல்லும்மா." "ஒண்ணுமில்ல சார், ஏசி கூட இருக்கே, கொறைக்கணுமான்னு கேக்க வந்தேன்." கொறைக்கலாமே என்றார் அவர். அவள் போய் ஏசியைக் குறைத்தாள். இருபத்திரண்டிலிருந்து இருபத்தைந்துக்கு, மூன்று தடவை பட்டனை அழுத்தி, அண்ணன் கடலில் இருக்க. கோழை, என்று திட்டிக்கொண்டாள், வாய்விட்டே திட்டினாள் போலிருக்கிறது, தமீம் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, மொகம் வெளுத்துக் கெடக்கு. சாப்டியா?" சாப்பிட்டேன் என்று தலையாட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார், பிறகு டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஐம்பத்திரண்டு வந்தது. புள்ளி சாம்பலாகவே இருந்தது. சில சமயம் ஒரு நிமிஷம் பிந்தும், எதிர்க்காற்று என்றால் இரண்டும் பிந்தும். ஐம்பத்துநாலு. டெல்லிக்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டு பெரிய திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள், எங்கே வரும் என்று சின்னவர் கேட்டார், இதோ இந்த முனையில் என்று சிவசங்கரன் சார் விரலை வைத்தார், விரல் அங்கேயே இருந்தது. ஐம்பத்தேழு. எதிர்க்காற்றும் இல்லை, இன்றைக்குக் காற்றே இல்லை, அதனால்தானே எல்லாரும் கடலில். பத்து மணி. "பேட்டரியா இருக்குமோ?" என்றார் சார் தமிழில், டெல்லிக்காரர்களுக்குப் புரியக்கூடாது என்று. பிளாவியாவுக்கு இப்போது யோசனையே ஓடவில்லை, அதுவரை ஓடின ஓட்டமெல்லாம் எங்கேயோ போய்விட்டது, கைவிரல் பத்தும் மேசைவிளிம்பில் இருந்தன, நகத்தில் பழைய சாயம் பாதி உரிந்திருந்தது, அதைத்தான் பார்த்தாள். பத்து மூன்றுக்குப் புள்ளி பச்சையானது. அறையில் ஒரு பெருமூச்சு. ஆனால் முனையில் இல்லை, கோட்டிலேயே இல்லை, கோட்டை விட்டு வெகுதூரம் கரைப்பக்கமாக ஒதுங்கி, நடக்கிற வேகத்தில், குறுக்கே போய்க்கொண்டிருந்தது. மோட்டார் சைபர் என்று காட்டியது. "இது தானா ஓடல" என்றார் தமீம், சிவப்பு பட்டனை அழுத்திக்கொண்டே. "யாரோ கட்டி இழுக்காங்க." அழுத்திவிட்டு வாத்தில் நாலாபக்கமும் பார்க்கிற கேமராவைத் திறந்தார்.

முதலில் தெரிந்தது கயிறு. வாத்தின் மூக்கிலிருந்து ஒரு நீலக் கயிறு முன்னால் போகிற வள்ளத்துக்குப் போனது. வாத்தின் மேல்தட்டிலேயே ஒரு ஆள் ஏறி உட்கார்ந்திருந்தார், முதுகு தெரிந்தது, சட்டையில்லை, அண்ணனைவிட அகலமான முதுகு. அண்ணன் இல்லை. பிளாவியாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில், அதை இல்லையென்று சொல்ல முடியாது. பின்னால் நாலைந்து வள்ளம் கூடவே வந்துகொண்டிருந்தன, ஒன்றில் இடுப்பில் கை வைத்து எதையோ கத்திக்கொண்டிருக்கிறவன் கஸ்பார், அந்த நிற்கிற நிலை ஒன்று போதும் அவளுக்கு, இரண்டு கையும் இருக்கிறது, இரண்டு காலும் இருக்கிறது. வாத்தின் பின்புறம் முழுக்க வலை சுருண்டு ஒரு பெரிய மூட்டையாக இருந்தது, மீனும் மிதப்பும் அதோடு நசுங்கிக் கிடந்தன. அப்புறம் அந்த ஆள் திரும்பினார். ஐம்பது வயசிருக்கும், அவளுக்குத் தெரியாத முகம், பக்கத்து ஊராக இருக்கலாம். வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தார், துண்டு முழுக்க ரத்தம், முழங்கை வரை வழிந்து காய்ந்திருந்தது. கயிறு உள்ளங்கையோடு ஓடியிருக்கிறது. யாராக இருந்தால் பரவாயில்லை என்று அரைமணிநேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளே, இவராக இருந்தால் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. அவர் கேமராவை அப்போதுதான் கவனித்தார். குனிந்து அதற்குள் எட்டிப் பார்த்தார். பிறகு இடது கை முட்டியால் அதன் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார், பூட்டின வீட்டைத் தட்டுகிற மாதிரி. "உள்ள ஆரும் இருக்கியளா?" என்று ஸ்பீக்கரில் கேட்டது.

எதிரே வருகிற படகுக்காரர்களை எச்சரிக்க வாத்தில் ஒரு ஒலிபெருக்கி உண்டு, தமீம் அண்ணன் முன்னாலிருக்கிற மைக்கில் பேசினால் அங்கே கேட்கும். சிவசங்கரன் சார் தாழ்ந்த குரலில் சொன்னார், "யாரும் பேசாதீங்க. எல்லாம் பதிவாகுது. வக்கீல்கிட்ட பேசிட்டு அப்புறம்." தமீம் அவரைப் பார்த்தார், திரையில் அந்தத் துண்டைப் பார்த்தார், மைக்கை மேசைமேல் பிளாவியா பக்கமாகத் தள்ளினார். "பிளாவியா, மைக்க தொடாத" என்றார் சிவசங்கரன் சார். அவள் பட்டனை அழுத்தினாள். "இருக்கேண்ணே" என்றாள். அந்த ஆள் திடுக்கிட்டுப் பின்வாங்கினார், இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வள்ளத்திலிருந்தவர்களும் திரும்பினார்கள். "பொம்பளப் பிள்ளையா? எங்கம்மா இருக்க?" "தூத்துக்குடியில இருக்கேண்ணே. இந்தப் படகுக்கு வழி போட்டது நாந்தான்." அவர் கேமராவுக்கு இன்னும் கிட்டே குனிந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தாள், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் கேட்டது மெதுவாகத்தான் கேட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி. "இங்க வல கெடக்கது ஒனக்குத் தெரியாதாம்மா?" தெரியாது என்று சொல் என்று சிவசங்கரன் சார் உதட்டை அசைத்தார். கிட்டத்தட்ட உண்மைதான் அது, மாசக்கணக்கில் உண்மையாக இருந்தது, இன்றைக்குக் காலை ஒன்பது எட்டு வரைக்கும் உண்மையாக இருந்தது. அதைச் சொன்னால் அந்த ஆளே சரிதான் என்று ஒப்புக்கொண்டு போய்விடுவார், அண்ணனும் நம்புவான், மதினிக்குத் தன் போன் ஞாபகமே இருக்காது.

"தெரியும்ணே" என்றாள் பிளாவியா. "நிறுத்தியிருக்கலாம். தெரிஞ்சுதான் விட்டேன்."